கோடு விழாவிட்டால்தான் சந்தேகம்

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கிட் வாங்கிப் பார்த்தோம். இரண்டு கோடு விழுந்தால் வயிறு கலங்கும். கர்ப்பம் பார்க்கும் பட்டையிலும் இரண்டு கோடு என்றால் 'உண்டு' என்றே அர்த்தம். போதைப்பொருள் பார்க்கும் சிறுநீர்ப் பட்டையில் இந்தக் கணக்கு தலைகீழ். 'சி' என்ற இடத்திலும் 'டி' என்ற இடத்திலும் கோடு விழுந்தால் நெகட்டிவ். 'டி' வெறுமையாக இருந்தால்தான் பாசிட்டிவ். அந்தக் கோடு மயிரிழைபோல மங்கலாகத் தெரிந்தாலும் நெகட்டிவ்தான். 'சி' கோடே விழவில்லையென்றால் பட்டை பழுது, அதை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. மங்கலான கோட்டைப் பார்த்து 'லேசா பாசிட்டிவ்' என்று ஒருவர் வாய்தவறிச் சொன்னால் வேலையை இழப்பவர் இன்னொருவர் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

ஏன் தலைகீழ்? பட்டையின் அடிப்பகுதியில் நிறமேற்றிய நுண்துகள்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடிகளைக் கைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டுமே பற்றும் கைகள். சிறுநீர் மேலே ஊறும்போது துகள்களும் கூடவே ஏறுகின்றன. 'டி' என்ற இடத்தில் அந்தப் போதைப்பொருளின் மூலக்கூறை முன்கூட்டியே ஒட்டி வைத்திருப்பார்கள். வெறுங்கையோடு வரும் துகள்கள் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும், நிறம் சேர்ந்து கோடாகும். சிறுநீரிலேயே அந்தப் பொருள் இருந்தால் வரும் வழியிலேயே கைகள் நிரம்பிவிடும். 'டி'யைப் பிடிக்கக் கை இல்லாமல் துகள்கள் தாண்டிப் போய்விடும்.

எவ்வளவு இருந்தால் பாசிட்டிவ் என்பது மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்த எல்லை. ஆய்வகங்களில் அதற்குக் 'கட்-ஆஃப்' என்று பெயர். அளவு நானோகிராமில் இருக்கும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். இந்த எல்லையை எங்கே வைப்பது என்ற கேள்வி நம் சமையலறை வரைக்கும் வருகிறது.

குருமாவுக்கு ஊறவைத்துத் தேங்காயோடு அரைக்கிறோமே கசகசா, அது அபின் செடியின் விதை. விதைக்குள் மார்பின் அநேகமாகக் கிடையாது. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில்தான் மார்பினும் கோடீனும் இருக்கின்றன. அறுவடையின்போது அந்தப் பாலும் காய்த்தோலின் தூசியும் விதையின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஒரு மூட்டைக் கசகசாவுக்கும் அடுத்த மூட்டைக்கும் மார்பின் அளவில் பெரிய வித்தியாசம் இருக்கும். கழுவி, ஊறவைத்து, கொதிக்கவிட்டால் குறையும். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அறுவடைக்குப் பிந்தைய அபின் செடியின் பாகங்களைச் சொல்லும்போது விதையை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைப்பது அதனால்தான். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் அதே விதைக்குத் தடை. துபாய் போகும் பிள்ளைக்கு மசாலாப் பொடி கட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் 'கசகசா போடாம அரைச்சதுதான்' என்று சொல்லிக் கொடுப்பது வீண் பயமில்லை.

அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களுக்கான சோதனையில் அபின் வகைக்கு எல்லை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்தது. கசகசா தூவிய ரொட்டி தின்றவர்களும், மருத்துவர் எழுதிக் கொடுத்த கோடீன் இருமல் மருந்து குடித்தவர்களும் அதைத் தாண்டிவிட்டார்கள். 1998இல் எல்லையை 2,000ஆக உயர்த்தினார்கள். ஆனால் அந்த எல்லை அரசு வேலைக்கானது. மருத்துவமனைகள் தங்கள் எல்லையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

2010இல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பெண் பிரசவத்துக்கு முன்தினம் கசகசா தூவிய பேகல் ரொட்டி சாப்பிட்டார். மருத்துவமனையில் எடுத்த சிறுநீர் அபின் வகைக்குப் பாசிட்டிவ் என்றது. அந்த மருத்துவமனை வைத்திருந்த எல்லை 2,000ஐவிட வெகுவாகக் குறைவு. பிறந்து மூன்றே நாளான குழந்தையை அதிகாரிகள் வந்து எடுத்துச் சென்றார்கள். ஐந்து நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கு நடந்து, 2013இல் 1,43,500 டாலர் இழப்பீட்டில் முடிந்தது. பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையைப் பிரிந்திருந்த ஐந்து நாளுக்கு அது என்ன ஈடு? ஒரு பட்டை சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது.

பட்டையின் கைகள் ஏமாறவும் செய்யும். காசநோய்க்கு மாதக்கணக்கில் விழுங்கும் ரிஃபாம்பிசின், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அந்த மருந்து, சில வகைச் சோதனைகளில் அபின் வகையைப் போலக் காட்டியிருக்கிறது. லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அப்படியே. கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் லாபெட்டலால், ஆம்ஃபெட்டமின் என்று தவறாகத் தெரியலாம். எனவே சோதனைக்குப் போகும்போது ஒரு வாரமாக என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்களோ அத்தனையையும் சீட்டோடு சொல்லிவிடுங்கள். ரிசல்ட் வந்தபிறகு சொன்னால் சாக்கு என்பார்கள்.

இந்தக் கணக்கையும் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் 1,000 பேர். அதில் 20 பேர் உண்மையிலேயே போதைப்பொருள் எடுப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதனை நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொல்லும் என்றும் கொள்வோம். அந்த 20 பேரில் 19 பேர் சிக்குவார்கள். எதுவும் எடுக்காத 980 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம் 49 பேரும் பாசிட்டிவ் ஆவார்கள். மொத்தம் 68 பாசிட்டிவ், அதில் 49 பேர் நிரபராதிகள்! 95 சதவீதம் சரியான சோதனைதான், ஆனாலும் பத்தில் ஏழு பேரைத் தவறாகச் சுட்டிவிட்டது.

இதனால்தான் இரண்டாம் சோதனை. ஜி.சி.-எம்.எஸ். என்ற கருவி மாதிரியை ஆவியாக்கி, நீண்ட, மெல்லிய குழாய்க்குள் ஓடவிடுகிறது. ஒவ்வொரு பொருளும் அதற்கே உரிய நேரத்தில் வெளியே வரும். வந்ததை உடைத்துத் துண்டுகளின் எடையைப் பார்த்தால், வந்தது இன்ன மூலக்கூறு என்று தெரிந்துவிடும். ரிஃபாம்பிசினை மார்பின் என்று அது மயங்காது. ஆனால் கசகசாவிலிருந்து வந்ததும் மார்பின், ஹெராயினிலிருந்து வந்ததும் மார்பின். பிரித்தறிய இன்னொன்றைத் தேடுகிறார்கள். ஹெராயின் உடலில் சிதையும்போது 6-அசிட்டைல்மார்பின் என்ற பொருள் உண்டாகிறது. எத்தனை கிண்ணம் குருமா சாப்பிட்டாலும் அது வராது. அது இருந்தால் ஹெராயின்தான். ஒரு நாளுக்குள் மறைந்துவிடுவதால், இல்லாததை மட்டும் வைத்து ஹெராயின் எடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

நெகட்டிவ் என்ற சொல்லையும் அளவாகவே நம்ப வேண்டும். அபின் வகைக்கான பட்டை மார்பினுக்காகச் செய்தது. செயற்கையாகத் தயாராகும் ஃபென்டனிலும் டிரமடாலும் அதற்குப் பிடிபடுவதில்லை. பிள்ளை வலி மாத்திரைக்கு அடிமையாகிவிட்டானோ என்று தவிக்கும் பெற்றோர், எந்தெந்தப் பொருளுக்குச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். கஞ்சாவின் சிதைவுப்பொருள் கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறும். தினமும் புகைத்தவர் நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரலாம். அவர் நேற்று வண்டி ஓட்டியபோது போதையில் இருந்தாரா என்பதைச் சிறுநீர் சொல்லாது.

ரிப்போர்ட் கைக்கு வந்தால் பாசிட்டிவ் என்ற சொல்லைத் தாண்டிக் கண்ணை ஓட்டுங்கள். ஸ்கிரீனிங் என்று போட்டிருந்தால் அது முதல் சோதனை மட்டும்தான். கன்ஃபர்மேட்டரி என்று இருக்கிறதா, எந்த முறை, எல்லை எவ்வளவு, கிடைத்த அளவு எவ்வளவு என்று பாருங்கள். கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சிறுநீர் நீர்த்திருக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்தாலும் அப்படி வரும், அதுவே குற்றமாகிவிடாது.

மறுசோதனைக்கு முதலிலேயே வழி வைக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவில் லாரி, பஸ் ஓட்டுநர்களிடம் குறைந்தது 45 மில்லிலிட்டர் சிறுநீர் வாங்கி, அவர்கள் கண்முன்னே 30, 15 என்று இரண்டு புட்டியில் ஊற்றி முத்திரை வைக்கிறார்கள். முதல் புட்டி பாசிட்டிவ் என்று தெரிவித்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஓட்டுநர் கேட்டால், அந்தச் சின்னப் புட்டி வேறொரு ஆய்வகத்துக்குப் போகும்.