கடற்கரையோரத்து வங்கி மாளிகை

இங்கிலாந்தின் சிற்றூர்களிலே, கிரேக்க ஆலயத்தின் தூண்களையோ இத்தாலியப் பிரபுக்களின் மாளிகை முகப்பையோ இரவல் வாங்கி வங்கிகளை எழுப்புவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சம்பிரதாயமாயிருந்தது. முன்பின் அறியாதவரிடம் ரொக்கத்தை ஒப்படைக்கத் தயங்கும் குடியானவனுக்கு, இந்த ஸ்தாபனம் நாளைக்கும் இங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையை ஊட்டுவது கற்களின் பொறுப்பாயிற்று.

நம் பக்கத்தில், 1690-இல் கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியார், தங்கள் திரவியத்துக்கு மதிலும் பீரங்கியுமே காவலென்று கருதினார்கள். அந்த மதிலை 1758-இல் பிரெஞ்சுக்காரர் தகர்த்தனர். 1843-இல் தோன்றிய மதராஸ் வங்கியோ, அந்நூற்றாண்டு முடியுந்தறுவாயில் சென்னைக் கடற்கரையோரத்தில் தனக்கென இல்லம் சமைத்தபோது கோட்டையை அல்ல, அரண்மனையையே முன்மாதிரியாகக் கொண்டது.

ஹென்றி இர்வின் என்னும் கட்டடச் சிற்பியின் கைவண்ணத்தில், உயர்நீதிமன்றத்தைக் கட்டிய அதே நம்பெருமாள் செட்டியார் எழுப்பிய அம்மாளிகை, இந்தோ சாரசனிக் பாணியைச் சேர்ந்தது. அதாவது, உள்ளே ஆங்கிலேயக் காரியாலயத்தின் ஒழுங்கும், வெளியே மொகலாயக் கவிகையும் வளைவும் கலந்த விசித்திர சங்கமம். சிவந்த செங்கற் சுவரில் வளைவுகள் வரிசையாக ஓடுவதையும், கூரைக்கு மேலே சிறு கவிகை மாடங்கள் தலை தூக்குவதையும் அண்ணாந்து பார்க்கும்போது, கலப்பு எனினும் கண்ணுக்கு உறுத்தவில்லை என்றே சொல்லவேண்டும். இதே இர்வின் மைசூர் அரண்மனையிலும் கைவரிசை காட்டியவர். அங்குள்ள ஆடம்பரம் இங்கே இல்லாதது ஒரு லாபம்.

ஆனால், அழகிய முகப்பு மட்டும் வைப்புத்தொகையைக் காக்காது. 1906-இல் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி முறிந்து எண்ணற்ற குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதன் விளைவாக மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. அதை நிறுவியவருள் ஒருவரான அண்ணாமலைச் செட்டியாரே பின்னர் சிதம்பரத்தில் கல்லூரியும் சர்வகலாசாலையும் கண்டவர்.

மதராஸ் வங்கி 1921-இல் இம்பீரியல் வங்கியிலும், அது 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியிலும் கலந்தது. 2014 ஜூலையில் தீப்பிடித்து மாளிகையின் மேற்பகுதி பெருஞ்சேதமுற்றது. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் எழும்பூர் வந்திறங்கும் அன்பர்கள், மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையம் வரை சென்று, ராஜாஜி சாலையில் தலைமைத் தபால் நிலையத்தின் பக்கத்திலுள்ள இக்கட்டடத்தை ஒருமுறை நேரில் கண்டுவரவேண்டும்.