குடிஉரிமை வேண்டுமா? சண்டை கதையை படி!
கனடாவில் 20 கேள்வி பரீட்சை. இரவில் கண் விழிக்கும் ஈழத்தமிழர்கள்

போருக்கு தப்பி ஊரை விட்டு வந்தவர்கள், இன்னொரு நாட்டின் போர்க்கதையை உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார்கள்!

இது நடப்பது கனடா நாட்டில். டொரன்டோ மாநகரில் ஸ்காபரோ என்று ஒரு பகுதி. இலங்கை தமிழர்கள் அங்கே ஏராளம். கடை வாசலில் தமிழ் போர்டு தொங்கும். பகலில் தொழிற்சாலை, ஓட்டல், கார் ஓட்டுவது என்று ஆளுக்கு ஒரு வேலை. இரவு சாப்பாடு முடிந்ததும் கையில் புத்தகம்.

எதற்கு? குடிஉரிமை பரீட்சைக்கு!

20-க்கு 15

கனடாவில் நிரந்தரமாக தங்க அனுமதி பெற்றவர்கள்தான் குடிஉரிமைக்கு மனு போட முடியும். மனு போடும் தேதிக்கு முந்திய 5 வருடத்தில் 1,095 நாள் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். 18 வயது முதல் 54 வயது வரை உள்ளவர்கள் பரீட்சை எழுதியே தீர வேண்டும். 55 வயது ஆகிவிட்டால் பரீட்சை இல்லை.

கேள்விகள் 20. நேரம் 45 நிமிடம். 15 கேள்விக்கு சரியான விடை சொன்னால் பாஸ். கேள்வி இங்கிலீஷிலோ, பிரெஞ்சிலோதான் வரும். தமிழில் கிடையாது.

பாஸ் செய்து சத்தியப்பிரமாணமும் எடுத்துவிட்டால் ஓட்டு உண்டு. கனடா பாஸ்போர்ட்டு உண்டு. தோற்றால்? மூன்று தடவை வரை எழுதி பார்க்கலாம். அதிலும் தோற்றால் அதிகாரி முன்னால் நேரில் நிற்க வேண்டியதுதான்.

பரீட்சைக்கு உரிய பாடப்புத்தகம் ஒன்றே ஒன்று. பெயர், "டிஸ்கவர் கனடா". 2009 நவம்பரில் அரசாங்கமே வெளியிட்டது. விலை கிடையாது, இலவசம். 2010 மார்ச் முதல் கேள்விகள் இதில் இருந்துதான் வருகின்றன.

இதற்கு முந்திய புத்தகத்தில் சண்டை பேச்சு குறைவு. புதிய புத்தகத்திலோ பக்கத்துக்கு பக்கம் ராணுவம், தளபதி, பதக்கம்! பரீட்சையும் கடினமாகிவிட்டது. தோற்றவர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அதே வருடத்திலேயே கேள்விகளை திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று.

"பிழை அப்பா, ஏப்ரல்!"

பரீட்சை நாள் நெருங்கும் வீட்டில் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"இஞ்சாருங்கோ, விமி சண்டை எப்ப நடந்தது? சொல்லுங்கோ பாப்பம்."

"ஆயிரத்து தொளாயிரத்து பதினேழு."

"மாதம்?"

"மே."

பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன் குறுக்கே பாய்வான்: "பிழை அப்பா, ஏப்ரல்!"

அப்பாவுக்கு கோபம் வரும். "எங்கட ஊர்ச் சண்டையிலை எந்த நாள் என்ன நடந்தது எண்டு கேள். ஒண்டும் பிழைக்காமல் சொல்லுறன்!"

பாவம், அதை யாரும் கேட்பது இல்லை!

அது என்ன விமி?

விமி என்பது பிரான்ஸ் நாட்டின் வடக்கே உள்ள ஒரு மேடு. முதலாம் உலகப்போரில் ஜெர்மானியர் அதை பிடித்து வைத்திருந்தனர். 1917 ஏப்ரல் 9-ந் தேதி கனடா படையின் 4 டிவிஷன்களும் முதல் முறையாக ஒன்று சேர்ந்து தாக்கின. நாலு நாளில் மேடு கைக்கு வந்தது. செத்தவர்கள், காயம் பட்டவர்கள் மட்டும் 10 ஆயிரத்துக்கு மேல்.

அப்போது கனடாவின் ஜனத்தொகையே சுமார் 80 லட்சம்தான். அதில் 6 லட்சம் பேருக்கு மேல் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஏறக்குறைய 60 ஆயிரம் பேர் திரும்பி வரவில்லை.

இன்னொரு பாடம் 1812-ல் தொடங்கிய சண்டை. அமெரிக்கா, கனடா மண்ணில் படையெடுத்தது. 1813-ல் யார்க் என்ற ஊருக்குள் புகுந்து, சட்டசபை கட்டிடத்தை கொளுத்தியது. அந்த யார்க்தான் இன்றைய டொரன்டோ! அடுத்த வருடமே பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து, வெள்ளை மாளிகைக்கு தீ வைத்தது.

இந்தியாவும் அந்த புத்தகத்தில் வருகிறது. வில்லியம் ஹால் என்பவர் விக்டோரியா கிராஸ் விருது பெற்ற முதல் கறுப்பர். கனடாவின் நோவா ஸ்கோஷியாக்காரர். விருது எதற்கு? 1857-ல் லக்னோவில் பிரிட்டிஷார் பக்கம் நின்று போரிட்டதற்கு! நாம் முதல் சுதந்திரப்போர் என்று சொல்வதை அந்த புத்தகம் "இந்திய கலகம்" என்கிறது. பரீட்சை எழுதுகிறவர் யார் பக்கம் என்பதை மனதுக்குள் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் இருப்பதை சொல்ல வேண்டும்.

சண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"ஒழுங்காக வேலை செய்கிறோம், வரி கட்டுகிறோம். செத்துப்போன தளபதி பெயர் எதற்கு?" பரீட்சைக்கு உட்காருகிறவர் மனதில் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அது ஒரு சுடுகாட்டுக் கதை.

கனடா குடிமகன் என்று சட்டப்படி ஒருவருமே இல்லாத காலம் இருந்தது. எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். விமி மேட்டில் விழுந்தவர்களும் அப்படித்தான்.

இரண்டாம் உலகப்போரில், 1942 ஆகஸ்டு 19-ந் தேதி, பிரான்சின் டியெப் கடற்கரையில் சுமார் 5 ஆயிரம் கனடா வீரர்கள் இறங்கினார்கள். படுதோல்வி. ஒரே நாளில் 900-க்கும் அதிகமானோர் பிணமானார்கள்.

1945-ல் பால் மார்ட்டின் என்ற அரசியல்வாதி அந்த கல்லறைகளை பார்க்க போனார். வரிசையாக சிலுவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். எல்லாம் ஒரே இனத்து பெயர்கள் அல்ல. எங்கெங்கிருந்தோ கனடாவில் குடியேறிய பலப்பல இனத்து பெயர்கள். "இத்தனை பேரும் ஒரு நாட்டுக்காக செத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டுக்கு சொந்தமாக ஒரு குடிஉரிமை இல்லையே" என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு வந்தது.

மந்திரியானதும் சட்டம் கொண்டு வந்தார். 1947 ஜனவரி 1-ந் தேதி கனடா குடிஉரிமை சட்டம் அமலுக்கு வந்தது. இன்று டொரன்டோவில் தமிழர் கைக்கு வரும் குடிஉரிமை, அந்த கல்லறை வரிசையில் முளைத்ததுதான்!

தப்பையும் எழுதியிருக்கிறார்கள்

வென்ற கதை மட்டும் அந்த புத்தகத்தில் இல்லை. கனடா செய்த தவறும் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானோடு சண்டை வந்ததும், கனடாவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தாரை அரசாங்கம் வீட்டை விட்டு கிளப்பியது. அவர்களில் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள். சுமார் 22 ஆயிரம் பேர் முகாமுக்கும், தூரத்து ஊர்களுக்கும் போனார்கள். அவர்களுடைய வீடு, நிலம், மீன்பிடி படகு எல்லாம் விற்கப்பட்டன. 1988-ல் அரசாங்கம் மன்னிப்பு கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு தலைக்கு 21 ஆயிரம் டாலர் நஷ்டஈடு கொடுத்தது.

1983-ல் கொழும்பில் வீடு எரிந்து ஓடி வந்தவருக்கு இந்த பாடத்தை யாரும் விளக்கி சொல்ல வேண்டியது இல்லை. ஒரு முறை படித்தாலே போதும், மறக்காது. மன்னிப்பு கேட்ட வருடம் உள்பட!

மே 18

வருடந்தோறும் நவம்பர் 11-ந் தேதி கனடாவில் போரில் மடிந்தவர்களுக்கு அஞ்சலி. சட்டையில் சிவப்பு பாப்பி பூ குத்திக்கொள்வார்கள். 11 மணிக்கு மவுனம். பாப்பி பூ எதற்கு என்பதும் பரீட்சை பாடம்தான். தமிழர்களும் பூ குத்திக்கொண்டு தலை குனிந்து நிற்கிறார்கள்.

இப்படி அடுத்தவர் போரை படித்து ஓட்டுரிமை வாங்கியவர்கள் அதோடு நிற்கவில்லை. 2015-ல் ஸ்காபரோவில் இருந்து ஹரி ஆனந்தசங்கரி என்ற தமிழர் பாராளுமன்றத்துக்கு போனார். அவர் கொண்டு வந்த தீர்மானத்தை 2022 மே 18-ந் தேதி பாராளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. மே 18, தமிழ் இனப்படுகொலை நினைவு நாள் என்பதே அந்த தீர்மானம். 2009-ல் முள்ளிவாய்க்காலில் சண்டை முடிந்த தேதி அது.

அந்த தேதி இன்னும் பரீட்சை புத்தகத்தில் ஏறவில்லை. ஏறினால், அந்த ஒரு கேள்விக்கு ஸ்காபரோ வீடுகளில் யாரும் இரவில் கண் விழிக்க வேண்டி இருக்காது.