நிலக்கடலை நாட்டில் பிறந்த தொண்டுச் சங்கம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தென்கிழக்கில் ஹாலந்து என்னும் சிற்றூர் உள்ளது. நிலக்கடலையே அவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற பயிர். 1913-இல் பிளாண்டர்ஸ் கம்பெனியார் அருகிலுள்ள சஃபோக் நகரில் கடலை ஆலை நிறுவினர். இவ்வூரில்தான் 1928-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் முதல் 'ரூரிட்டன்' சங்கம் தோன்றிற்று.

ரோட்டரி 1905 முதலும், லயன்ஸ் 1917 முதலும் இயங்கி வந்தன. அவை பெரும்பாலும் நகரத்து வணிகர்க்கும் தொழில் வல்லுநர்க்கும் உரியனவாயிருந்தன. உழவரும் கடைக்காரரும் ஒருங்கே அமர்ந்து ஊர்க்காரியம் பேச ஓர் அமைப்பு வேண்டுமென டாம் டௌனிங், ஜாக் குவால்ட்னி என்னும் இருவர் முனைந்தனர். நாட்டுப்புறத்தையும் சிறு நகரத்தையும் ஒருசேரக் குறிப்பதே சங்கத்தின் பெயர். இன்றும் தலைமையகம் அம்மாநிலத்து டப்ளின் என்னும் ஊரிலேயே உள்ளது.

ஆயினும் வேலைத்திட்டம் பெரும்பாலும் அங்கிருந்து வருவதில்லை. ஒவ்வொரு சங்கமும் தன் ஊரின் தேவைகளைத் தானே ஆராய்ந்து, இயன்றதை மேற்கொள்கிறது. இதுவே அதன் சிறப்பு.

நாம் இதில் கற்க வேண்டியது யாது? 1995-இல் மாஞ்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி, சமுதாய அக்கறையை ஏழாவது கூட்டுறவுக் கொள்கையாக ஏற்றது. ஆனால் பொது நல நிதி ஐந்தொகையில் ஒரு வரியாகவே நின்றுவிடும் சங்கங்களும் உள. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பதே காரணம். சாயக் கழிவுநீர் தேங்கும் தெருவையும், கடலை உலர்த்தக் களமில்லாத ஊரையும் அங்கத்தினரே நன்கறிவர். அடுத்த பொதுப் பேரவையில், பங்காதாயம் பற்றிப் பேசுமுன், ஊரின் முதல் தேவை எது என்று அவர்கள் கேட்பார்களாக!