புயலின் கண்ணைத் தேடுகிற வேலை

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறினார் என்று சொல்லும் ஊர் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். கடல் எதைக் கொண்டுவருமோ என்று பார்த்திருப்பது இந்தக் கரைக்குப் பழகிப்போன விஷயம். அதையே அரசு வேலையாகச் செய்கிறவர்களின் உலகம் இருக்கிறதே, அப்பப்பா! வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்.

வானிலைக்காரர்களின் வரைபடத்தில் கடலூர் என்பது 43329. உலகம் முழுக்க ஒவ்வொரு ஆய்வு நிலையத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு. காற்றுப் புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள் இருக்கும். வெயில் நேராக விழாமலிருக்க அதன் கதவை வடக்குப் பார்த்தே வைப்பார்கள். காலை 8.30 மணிக்கு மழைமானியில் சேர்ந்த நீரை அளப்பார்கள். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கில் மேகம் என்று கண்ணாலேயே கணிப்பார்கள். எல்லாம் ஐந்தைந்து இலக்கக் கட்டுகளாகச் சென்னைக்குப் பறக்கும். கொழும்பிலும் டோக்கியோவிலும் அதே நேரத்தில் இன்னொருவர் இதையே செய்துகொண்டிருப்பார். நினைத்தாலே சிலிர்க்கிறது!

ஆனால் புயல் பிறப்பது நடுக்கடலில். அங்கே ஏது மரப்பெட்டி, ஏது மழைமானி? நுங்கம்பாக்கத்துப் புயல் எச்சரிக்கை மையத்தின் வல்லுநர்கள் செயற்கைக்கோள் படத்தை விரித்து, மேகச் சுருள் மையத்தை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கிறது என்று அளக்கிறார்கள். அமெரிக்கரான வெர்னான் துவோராக் 1970களில் வகுத்த முறை இது. சுருள் இறுக இறுக அதற்குத் தரும் எண் ஏறும். அந்த எண்ணிலிருந்து காற்றின் வேகம் தெரியும். கடலில் ஒரு கருவியும் நனையாமல், படத்தைப் பார்த்தே வேகம் சொல்லிவிடுகிறார்கள்! கரையை நெருங்கிவிட்டால் சென்னை, காரைக்கால் ரேடார்கள் புயலின் கண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

2011 டிசம்பர் 30 காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய 'தானே' புயலை இப்படித்தான் நாள்கணக்காகத் துரத்தினார்கள். மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மரங்களைக் காப்பாற்ற எந்த எச்சரிக்கையாலும் முடியாது. ஆனால் படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்பதும், குப்பங்களை முன்கூட்டியே காலி செய்வதும் அந்த மையத்திலிருந்து போகும் செய்தியால்தான். இந்த வேலையின் மகத்துவம் அதுவே என்பேன்.

கடலூர் துறைமுகத்தில் ஏறும் புயல் எச்சரிக்கைக் கூண்டு தெரியும்தானே? பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கும். ஒன்றில் தொடங்கிப் பத்து வரை பொதுவாக அபாயம் கூடும். பதினொன்று? எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, இனி துறைமுக அதிகாரிதான் நிலைமையைக் கணிக்க வேண்டும் என்று பொருள்!

இந்த வேலைக்குள் நுழைய இயற்பியல், கணிதம் போன்ற பாடங்களில் பட்டம் ஒரு நல்ல வழி. தேர்வு எழுதித் தேறியதும் புனேயில் பயிற்சி. நுங்கம்பாக்கத்து எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்து 2016இல் ஓய்வுபெற்ற எஸ்.ஆர்.ரமணன் அந்நாளில் தொலைக்காட்சியில் தோன்றினால் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். பள்ளி விடுமுறைக்கு ஏங்கிய பிள்ளைகளுக்கு அவர்தான் நாயகன். விடுமுறையை அறிவிப்பவர் என்னவோ கலெக்டர்! வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் பெரும்பாலும் சேர்ந்தே வரும் என்பதால், பண்டிகை இரவிலும் அந்த மையத்தில் யாரோ ஒருவர் வங்கக் கடலைப் பார்த்தபடி ஷிப்டில் இருப்பார். கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளில் யாருக்காவது அந்த நாற்காலிமேல் ஆசை வந்தால், இப்போதே இயற்பியல் புத்தகத்தைத் திறக்கலாம்.