சாம்ராஜ்யம் யாருடையது?

வியட்நாம் போரின் கோபத்தில் கருக்கொண்ட விண்வெளிக் கதை 'ஸ்டார் வார்ஸ்'. கலகக்காரர்களின் பக்கம் நின்று அதை எழுதியவர், தானே ஒரு சாம்ராஜ்யத்தின் அதிபதியானார்.

1977 கிறிஸ்துமஸ் காலையில் ஆசையாகப் பரிசுப் பொட்டலத்தைப் பிரித்த அமெரிக்கக் குழந்தைகள் பலருக்கு உள்ளே பொம்மை கிடைக்கவில்லை. ஓர் அட்டை உறை, அதனுள் ஒரு சான்றிதழ். அதைத் தபாலில் அனுப்பி வைத்தால் சில மாதங்களில் நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். மே 25-ம் தேதி 32 தியேட்டர்களில் மட்டும் வெளியான ஒரு படம் இப்படிப் பேயாக ஓடும் என்று கென்னர் பொம்மைக் கம்பெனி எதிர்பார்க்கவில்லை. பண்டிகைக்குள் சரக்கைத் தயாரிக்க முடியவில்லை. எனவே வாக்குறுதியையே பெட்டியில் போட்டு விற்றது. பெற்றோர்களும் வாங்கினார்கள்.

அந்தப் பொம்மைகளின் லாபத்தில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்த இடம், படத்தின் இயக்குனர் ஜார்ஜ் லூகாஸ். அவருடைய முந்தைய படமான 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973) எட்டு லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்டு, கோடிகளாகக் குவித்திருந்தது. புதிய படத்துக்குச் சம்பளத்தை ஏற்றிக் கேட்டிருந்தால் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் மறுத்திருக்காது. அவர் கேட்டதோ அடுத்தடுத்த பாகங்களுக்கான உரிமையும், பொம்மை, சட்டை போன்ற சில்லறைப் பொருள்களுக்கான உரிமையும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்கள் இவற்றைக் காசு தேறாத சங்கதியாகவே நினைத்தன. ஹாலிவுட் வரலாற்றில் இவ்வளவு அலட்சியமாகப் போடப்பட்ட கையெழுத்து வேறு இருக்க முடியாது.

லூகாஸுக்குப் பணத்தாசை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவருடைய முதல் படமான 'டிஎச்எக்ஸ் 1138' (1971) வார்னர் நிறுவனத்தின் கத்தரிக்கு இரையானது. இரண்டாவது படத்தில் யுனிவர்ஸல் சில நிமிடங்களை வெட்டியது. வெட்டப்பட்டது சொற்பம்தான். ஆனால் தன் படைப்பில் இன்னொருவன் கை வைப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. இனி யாரும் தொட முடியாத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்ற வைராக்கியம் அங்கேதான் முளைத்தது.

காட்டுக்குள் வந்த போர்

படத்தின் கதை எளிது. எங்கோ ஒரு நட்சத்திர மண்டலம், அதை ஆட்டிப்படைக்கும் ஒரு சக்கரவர்த்தி, அவருடைய கறுப்புக் கவசத் தளபதி டார்த் வேடர். ஒரு கிரகத்தையே பொடியாக்கும் 'டெத் ஸ்டார்' அவர்கள் கையில் இருக்கிறது. எதிரே ஓட்டை உடைசல் விமானங்களுடன் ஒரு கலகக் கும்பல். அவர்களோடு சேரும் பண்ணைச் சிறுவன் லூக், சிறைப்பட்டும் பணியாத இளவரசி லேயா, கடத்தல்காரன் ஹான் சோலோ.

இந்தச் சக்கரவர்த்தி எந்த நாட்டவர்? சீருடைகள் ஹிட்லரின் ஜெர்மனியை நினைவூட்டுகின்றன. ராணுவ உடைகளில் நிபுணரான ஜான் மோலோ திட்டமிட்டுச் செய்த சாயல் அது. ஆனால் லூகாஸின் மனதில் இருந்த சாம்ராஜ்யம் அவர் பிறந்து வளர்ந்த நாடுதான். கதைக்காக 1973-ல் அவர் எழுதி வைத்த குறிப்புகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: சாம்ராஜ்யம் என்பது பத்தாண்டுகள் கழித்து அமெரிக்கா இருக்கப் போகும் நிலை, அதை எதிர்க்கும் சின்னஞ்சிறு கிரகம் வட வியட்நாம்.

'ஸ்டார் வார்ஸு'க்கு முன் அவர் எடுக்க விரும்பியதே ஒரு வியட்நாம் படம். ஜான் மிலியஸ் எழுதிய 'அபோகலிப்ஸ் நவ்'. போர் நடந்துகொண்டிருக்கும்போதே அப்படியொரு கதையில் பணம் போட எந்த ஸ்டூடியோவும் தயாராக இல்லை. கடைசியில் அது நண்பர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவின் கைக்குப் போய் 1979-ல் வெளிவந்தது. அதற்குள் லூகாஸ் தன் கோபத்தை விண்வெளிக்கு ஏற்றுமதி செய்துவிட்டார். 1983-ல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை'யில் இது அப்பட்டமாகத் தெரியும். கரடிக் குட்டி போன்ற காட்டுவாசிகள் மரக்கட்டைகளையும் கற்களையும் உருட்டிவிட்டு சாம்ராஜ்யத்தின் இரும்பு இயந்திரங்களை நொறுக்குகிறார்கள். அந்த ஈவோக்குகளுக்கு முன்மாதிரி வியட்காங் கெரில்லாக்கள். கொழுகொழு பொம்மைகளாக அவை அமெரிக்கக் குழந்தைகளின் படுக்கைகளில் இடம்பிடித்தன. வியட்நாமில் தோற்றுத் திரும்பிய தேசம் தன்னைத் தோற்கடித்தவர்களின் நகலைக் கட்டிக்கொண்டு தூங்கியது.

யானை பிளிறியது

படம் உருவான விதமே ஒரு சிறு கலகம்தான். அகிரா குரோசவாவின் 'த ஹிடன் ஃபோர்ட்ரஸ்' (1958) படத்தில் ஒரு பெரிய போரை இரண்டு அற்பக் குடியானவர்களின் கண்வழியே காட்டும் உத்தி லூகாஸைக் கவர்ந்தது. அவர்கள் இங்கே இரண்டு ரோபோக்களாக மாறினார்கள். வான்சண்டைக்கு மாதிரியாக, இரண்டாம் உலகப் போர்ப் படங்களிலிருந்து விமானச் சண்டைத் துண்டுகளை ஒட்டிப் போட்டுக் காட்டினார். 'இதேபோல் விண்கலங்கள் பறக்க வேண்டும்.'

அதைச் செய்யும் ஆள் ஹாலிவுட்டில் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, இளைஞர்களைச் சேர்த்து, 1975-ல் அவரே ஒரு பட்டறையைத் துவக்கினார். ஜான் டைக்ஸ்ட்ராவின் தலைமையில் அவர்கள் உருவாக்கிய காமிராவின் சூட்சுமம் இதுதான்: விண்கலப் பொம்மை நகராது, காமிராதான் நகரும். நகர்ந்த பாதையை மின்னணுச் சாதனம் நினைவில் வைத்துக்கொள்ளும். அதே பாதையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அச்சுப் பிசகாமல் காமிராவை ஓட்டலாம். ஒரு தடவை விண்கலம், இன்னொரு தடவை வேறொரு விண்கலம், பிறகு நட்சத்திரங்கள். எல்லாவற்றையும் ஒரே பிலிமில் சேர்த்தால் சண்டை தயார். சொல்வதற்குச் சுலபம். சிறப்புக் காட்சிகளுக்கான பணத்தில் பாதி கரைந்த பிறகும் உருப்படியாக எதுவும் தேறவில்லை என்ற நிலை 1976-ல் இருந்தது.

சத்தங்களைத் தேடி பென் பர்ட் என்ற இளைஞர் ரெக்கார்டருடன் அலைந்தார். பழைய புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரமும் டெலிவிஷன் பெட்டியின் இரைச்சலும் சேர்ந்து ஒளிவாளின் ஓசையாயிற்று. வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டியபோது துப்பாக்கிச் சத்தம் கிடைத்தது. சாம்ராஜ்யத்தின் போர் விமானங்கள் கடந்து போகும்போது வயிற்றைக் கலக்கும் அந்த அலறல்? யானையின் பிளிறலோடு ஈரச் சாலையில் விரையும் காரின் சத்தத்தைக் கலந்தது. மார்சியா லூகாஸ், பால் ஹிர்ஷ், ரிச்சர்ட் சூ மூவரும் எடிட்டிங்குக்காக ஆஸ்கர் வாங்கினார்கள். கடைசிச் சண்டையில் ரசிகர்களை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்ததில் அப்போது லூகாஸின் மனைவியாக இருந்த மார்சியாவுக்குப் பெரும் பங்குண்டு. லூகாஸின் புகழ் பாடுபவர்கள் அதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ரேகனின் நட்சத்திரப் போர்

இந்தக் கதையை அமெரிக்கா எப்படிப் புரிந்துகொண்டது என்பது தனி வேடிக்கை. 1983 மார்ச் 8-ம் தேதி அதிபர் ரொனால்ட் ரேகன் சோவியத் யூனியனைத் தீய சாம்ராஜ்யம் என்று வர்ணித்தார். அதே மாதம் 23-ம் தேதி, பாய்ந்து வரும் அணு ஏவுகணைகளை வழியிலேயே அழிக்கும் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தார். மறுநாளே செனட்டர் எட்வர்ட் கென்னடி அதை 'ஸ்டார் வார்ஸ்' திட்டம் என்று கிண்டல் செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவைச் சாம்ராஜ்யமாக்கி எழுதப்பட்ட கதையின் தலைப்பு அமெரிக்க ஆயுதத் திட்டத்தின் செல்லப் பெயராயிற்று. பொதுநல அமைப்புகள் தொலைக்காட்சி விளம்பரங்களில் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கோரி லூகாஸின் நிறுவனம் நீதிமன்றம் போனது. அரசியல் விவாதத்தில் ஒரு சொல் புழங்குவதை அதைப் படைத்தவர் தடுக்க முடியாது என்று 1985-ல் தீர்ப்பு வந்தது.

எல்லோருக்கும் தாங்கள்தான் கலகக்காரர்கள். பார்வையாளர் யாரும் தன்னை டார்த் வேடரின் சிப்பாயாக நினைத்துக்கொண்டு தியேட்டரை விட்டு வெளியே வருவதில்லை. லூகாஸ் இதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, 1999 முதல் 2005 வரை எடுத்த மூன்று படங்களில் குடியரசு ஒன்று சாம்ராஜ்யமாகும் கதையைச் சொன்னார். வசனங்கள் மரக்கட்டை, நடிப்பு அதைவிட மோசம். ஆனால் சர்வாதிகாரம் அங்கே படையெடுத்து வருவதில்லை. போர் நெருக்கடியைக் காட்டி, மக்கள் சபையின் கைதட்டலோடு வருகிறது. 2005-ல் கான் திரைப்பட விழாவில் நிருபர்கள் இராக்கைப் பற்றிக் கேட்டபோது, கதை வியட்நாம் காலத்தில் உருவானது, ஆனால் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வியக்க வைக்கிறது என்ற ரீதியில் பதிலளித்தார்.

அந்தச் சரடை அவரைவிடத் திறமையாகப் பிடித்துக்கொண்டவர் டோனி கில்ராய். 2022-லும் 2025-லும் அவர் தந்த 'ஆண்டோர்' தொடரில் ஒளிவாளும் இல்லை, மந்திர சக்தியும் அநேகமாக இல்லை. சாம்ராஜ்யத்தை நடத்துகிறவர்கள் பதவி உயர்வுக்கு ஏங்கும் குமாஸ்தாக்கள். கலகத்துக்கோ பணம் தேவை, அதற்குச் சம்பளக் கருவூலத்தைக் கொள்ளையடிக்கிறார்கள். புரட்சிக்காக 1907-ல் டிஃப்லிஸ் நகரில் இளம் ஸ்டாலினின் கூட்டாளிகள் நடத்திய வங்கிக் கொள்ளைதான் இதற்குத் தூண்டுதல் என்று கில்ராயே சொல்லியிருக்கிறார். போல்ஷ்விக் கொள்ளையைக் கதையாக்கக் காசு கொடுத்தது டிஸ்னி.

ஏனென்றால் லூகாஸ் 2012-ல் தன் கம்பெனியை டிஸ்னிக்கு விற்றுவிட்டார். விலை 405 கோடி டாலர், ஏறக்குறைய பாதி ரொக்கம், பாதி பங்குகள். ஸ்டூடியோக்களின் பிடியிலிருந்து தப்பியோடிய கலகக்காரர், உலகின் மிகப் பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்றின் பங்குதாரராகக் கதையை முடித்துக்கொண்டார்.

யார் முதலில் சுட்டது?

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்பெனிகள் வர்ணம் பூசத் தொடங்கிய சமயத்தில், 1988-ல், லூகாஸ் அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பழைய படங்களை மாற்றுவது பண்பாட்டை அழிக்கும் செயல் என்று ஆவேசமாக வாதாடினார். அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த முதல் 25 படங்களில் 'ஸ்டார் வார்ஸ்' இடம்பெற்றது. 1997-ல் அவரே தன் படத்தைத் திருத்தி வெளியிட்டார். கம்ப்யூட்டர் பிராணிகளைப் புகுத்தினார். அதுகூடப் பரவாயில்லை. மதுக்கடைக் காட்சியில் ஹான் சோலோ தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவை மேஜைக்கு அடியிலிருந்து சுட்டுக் கொல்வான். புதிய பதிப்பில் கிரீடோ முதலில் சுட்டுத் தவறவிடுகிறான். சோலோ தற்காப்புக்காகச் சுடுகிறான். போக்கிரி யோக்கியனாகிவிட்டான்.

தன் படம், தன் இஷ்டம் என்பது லூகாஸின் நிலை. பழைய வடிவம் 2006-ல் டிவிடியில் ஓர் இணைப்பாக, மங்கலான லேசர் டிஸ்க் பிரதியிலிருந்து வந்ததோடு சரி. ரசிகர்கள் விடவில்லை. 1977-ன் பிலிம் சுருள்களைத் தேடிப் பிடித்து, கறையைத் துடைத்து, காப்புரிமைச் சட்டத்தை மீறி, சொந்தச் செலவில் பழைய படத்தைக் கட்டி எழுப்பினார்கள். கம்பெனியின் விண்கலங்கள் இவர்கள் தலைக்கு மேல் வட்டமிட்டபடியே இருந்தன.

2025 ஜூன் 12-ம் தேதி லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தன் கிடங்கில் பாதுகாத்த 1977-ன் டெக்னிகலர் பிரதியைப் பகிரங்கமாகத் திரையிட்டது. தலைப்பில் பின்னாளில் சேர்த்த 'நான்காம் அத்தியாயம்' என்ற வரி இல்லை. மதுக்கடைக் காட்சியில் ஒரே ஒரு குண்டுதான் வெடித்தது, ஹான் சோலோவின் துப்பாக்கியிலிருந்து.