கைக்கடிகாரத்தின் பின்புறம் சொல்வது என்ன?

உப்பூரில் வாழும் நமக்கு உப்புக் காற்றின் வல்லமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சன்னல் கம்பி, சைக்கிள் சக்கரம், கதவுத் தாழ்ப்பாள் என இரும்பாலான எதையும் அது விட்டுவைப்பதில்லை. ஆனால் வீட்டிலுள்ள எவர்சில்வர் குடமோ பல்லாண்டுகள் கடந்தும் பளபளக்கிறது. விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் கூடும் இந்த எவர்சில்வர் இனத்தைச் சேர்ந்ததே.

1913-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல்கள் தேய்வதைத் தடுக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி என்பவர், குரோமியம் கலந்த எஃகு எளிதில் அரிக்கப்படுவதில்லை எனக் கண்டார். எஃகில் நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக எஃகைப் போர்த்திக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீண்டும் உருவாகிவிடும்.

நல்ல எவர்சில்வர் பாத்திரங்களில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. ஆயினும் உப்பும் வியர்வையும் நெடுநாள் தங்கினால் இதிலும் சிறு குழிகள் விழலாம். ஆகவே தரமான கடிகாரங்களுக்கு 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் சேர்ந்த '316 எல்' என்ற எஃகைப் பயன்படுத்துகின்றனர். சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் நிறுவனம் 1985-இல் அதனினும் அரிப்பைத் தாங்கும் '904 எல்' வகையைக் கையாளத் தொடங்கியது.

இனி, கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்போம். 'ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றிருந்தால் கூடு முழுவதும் எவர்சில்வர். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றிருந்தால் பின்மூடிக்கு மட்டுமே அவ்வுறுதி. அதனுடன் 'பேஸ் மெட்டல் பெசல்' என்றும் இருந்தால், முன்வளையம் பித்தளை போன்ற மலிவான உலோகத்தின்மேல் முலாம் பூசியது என்று பொருள். வியர்வை படும் பின்மூடியை எஃகாலும், மற்றதை எளிதில் கடைந்தெடுக்கக்கூடிய பித்தளையாலும் செய்தால் விலை குறையும். பழைய சுவிஸ் கடிகாரங்களில் காணும் 'அசியே இனாக்ஸிடாப்ல்' என்பது துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்.

எழுத்தில் பொய்யில்லை, முழுவதும் படிக்காமல் வாங்குவோரே ஏமாறுகின்றனர். முலாம் தேய்ந்தால் பித்தளை பச்சை பூக்கும். அடியிலுள்ள நிக்கல் பூச்சு சிலருடைய மணிக்கட்டில் அரிப்பையும் உண்டாக்கும். காந்தத்தால் சோதிப்பதும் போதாது. கடிகார எவர்சில்வரைப் போலவே பித்தளையிலும் காந்தம் ஒட்டாது.

பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் பிறந்த எச்.எம்.டி. கடிகாரம் இன்னும் பல வீடுகளில் உண்டு. அம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு வாங்கி, அதன் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள், மாணவியரே! பெற்றோர் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் புதியது வாங்கும்போதும் முகப்பின் பளபளப்பில் மயங்காமல் முதலில் பின்புறத்தைப் படிப்போம். வாங்கியதை நாள்தோறும் மெல்லிய துணியால் துடைத்து வைப்போம். கடற்கரையில் வாழும் நமக்கு இது சிறந்த சிக்கனம்.