கப்பலேறித் திரும்பிய குடும்பம்

ஒரகடம், வல்லக்கோட்டை பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் பஸ் பிடிப்பது வழக்கம். போனால் லால்பாக்கையும் ஒரு சுற்று சுற்றி வருவார்கள். 1760இல் ஹைதர் அலி 40 ஏக்கரில் தொடங்கிய தோட்டம் இன்று 240 ஏக்கர். கூட்டமெல்லாம் மலர்க் கண்காட்சிக்கும் 1889இன் கண்ணாடி மாளிகைக்கும்தான். ஊசிபோல் நெட்டையாக நிற்கும் அரோகேரியா மரங்களை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று ஒரு போட்டோ எடுப்பதோடு சரி.

அரோகேரியா இன்று இயற்கையாக வளரும் இடங்கள் தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூ கினி, நியூ கலிடோனியா போன்றவை. இந்தியக் காடு எதிலும் அது கிடையாது. தோட்டக்காரர்கள் கப்பலில் தருவித்த செடி. பெங்களூர் கத்திரிக்காய் என்று நாம் கூட்டு வைக்கும் சௌசௌகூட அப்படி வந்ததுதான். அதைக் கொண்டுவந்தவர் லால்பாக்கின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரூன்.

ஆனால் அரோகேரியா குடும்பத்துக்கு இந்த மண் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கிணறு வெட்டும்போது வெளிறிய களிப்பாறை ஏடு ஏடாகப் பெயரும். அதற்கு வயது ஏறத்தாழ 13 கோடி ஆண்டு. பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தப் பாறைகளையும் ஆராய்ந்தார். அவற்றிலுள்ள தாவரப் புதைபடிவங்களை 1879இல் தொல்தாவரவியலாளர் ஃபைஸ்ட்மான்டல் விவரித்தார். அரோகேரியா வகைக் கூம்புச் செதில்களும் அவற்றில் உண்டு. கூடவே கடலுயிர்களின் படிவங்களும் கிடைப்பதால், அன்று கடல் இந்த இடம்வரை வந்திருந்தது தெரிகிறது. இந்தியா அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்துகொண்டிருந்த காலம் அது. பிரிந்த நிலம் வடக்கே நகர்ந்தது, பூக்கும் தாவரங்கள் பெருகின, அரோகேரியா இங்கே அற்றுப்போனது. பிற நிலத்துண்டுகள் சிலவற்றில் தங்கிய கிளைகள்தான் கோடிக்கணக்கான ஆண்டு கழித்துத் தோட்டச் செடியாகத் திரும்பியிருக்கின்றன.

அதே பாறையில் ஏராளமாகக் கிடைக்கும் இன்னொன்று டைலோஃபில்லம். சீப்புப் பல் போன்ற அதன் இலைப் படிவத்தைப் பார்த்தால் பூங்காக்களில் நிற்கும் சைக்கஸ் என்றே தோன்றும். தோற்றம் ஏமாற்றுகிறது. இலையின் மேல்தோலை நுண்ணோக்கியில் வைத்தால் மூச்சுத்துளைகளைச் சுற்றிய செல்களின் அமைப்பே வேறு. வாரிசின்றி அழிந்த தனிக் குலம் அது. எனக்கு அரோகேரியாவைவிட இதுதான் பெரிய ஆச்சரியம். செடி செத்து 13 கோடி வருஷம் ஆன பிறகும் அது மூச்சுவிட்ட துளையைப் பார்த்துக் குலம் சொல்ல முடிகிறது!

லால்பாக்கில் கெம்பெகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்கோ சுமார் 300 கோடி வயது. அதன் எதிரில் நம் ஊர்க் களிப்பாறை நேற்றுப் பிறந்தது.

அரோகேரியாவில் நியூ கலிடோனியா வகை ஒன்றுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. உலகில் எங்கே நட்டாலும் அது நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வு கூடுகிறது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. பெங்களூர் ஏறத்தாழ 13 பாகை வடக்கே இருக்கிறது, ஆகவே அங்கே சாய்வு தெற்கே, அதுவும் கொஞ்சமாகத்தான் இருக்கவேண்டும். அடுத்த முறை போகிறவர்கள் செல்பேசியில் திசைகாட்டியை வைத்துப் பார்க்கலாம்.